போறணையில் சுட்ட கதவுக் கண்ணாடி

என் வாழ்நாளில் நான் ஒரேயொரு காருக்குத்தான் கதவுக் கண்ணாடி மாற்றியிருக்கிறேன். அந்த வகைக் கார் உலகம் முழுக்கச் சில நூறுதான் உண்டு. அதைச் செய்த ஐரோப்பியத் தொழிற்சாலை, தான் செய்த அழகைப் பார்த்துத் தானே மயங்கியதுபோல, சில வருடங்களிலேயே இழுத்து மூடப்பட்டுவிட்டது. மிஞ்சியவற்றில் ஒன்று எப்படியோ கடல் கடந்து புத்தளத்துக்கு வந்து என் கையில் அகப்பட்டது. அந்தக் காரின் தலையெழுத்து என்றுதான் சொல்லவேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. தில்லையடியில் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.) கார்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை என்பதைத் தவிர. யுத்தம் முடிந்து, பாதைகள் தார்க் காபட் போட்டு மினுங்கத் தொடங்கியிருந்த காலம். கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு கடலின் மேல் வழுக்கிப் போனார்கள். இனி எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. நடந்தது.

அந்த வருடம் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கனமூலைக்காரர், பெயர் நிஸ்தார். மெலிந்து நீண்ட மனிதர். நுளம்பை அடிக்கும்போதுகூட அதனிடம் மன்னிப்புக் கேட்பவர்போல இருப்பார். கொழும்பில் ஒரு ஹாஜியாரின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக வேலை. அந்த ஹாஜியார் இரண்டு விஷயங்களுக்குப் பேர்போனவர். ஒன்று அந்தக் கார், மற்றது கோபம். "என்ட ஸ்டோரப் பாக்கிற புள்ள கல்யாணத்துக்கு வேன்ல போறதா? இதில போங்க" என்று காரை இரண்டு நாள் முன்னதாகவே நிஸ்தார் மச்சானிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நிக்காஹ்வுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நான் கனமூலைக்கு பஸ் ஏறினேன்.

"மச்சான், நான் கழுவிக்கொண்டு வாறன். எங்கட பக்கத்தால ஒரு உதவி."

நிஸ்தார் மச்சான் கையிலிருந்த கார்த் திறப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண்ணின் தம்பியிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மெதுவாப் போங்க ரிஸ்மி" என்று மட்டும் சொன்னார்.

மெதுவாகத்தான் போனேன். மாட்டு வண்டிகள் என்னை முந்தியிருக்கும். ஆனால் தில்லையடிக்குப் போகவேண்டியவன் பாலாவியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பினேன். எத்தாளையில் என் சிநேகிதன் அன்ரன் இருந்தான். வள்ளம் கட்டும் இடத்தில் வேலை. அவனுக்கு இந்தக் காரைக் காட்டாமல் நான் இதை ஓட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

வழியில் உப்பளம் வந்தது. பின்னேர வெயில். பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். சிவப்பு நிறக் கார், வெள்ளை உப்புக் குவியல்கள், தூரத்தில் காற்றாடிகள் சுற்றுகின்றன, சத்தமே இல்லை. இருக்கையில் சாய்ந்து, பக்கத்து இருக்கையில் பசிக்கு வாங்கி வைத்திருந்த பணிஸ் ரொட்டிப் பையை மறந்து, இடப்பக்கக் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கிவிட்டுக் கண்ணை மூடினேன். கார் மெல்லத் தரையை விட்டு எழும்பியது. களப்பின் மேலாக மிதந்தது. கீழே நான் படித்த பள்ளிக்கூடம். அதிபர் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். வாழ்க்கையில் அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தது அந்தக் கனவில் மட்டும்தான்.

அப்போது யாரோ என் முகத்தில் மூச்சு விட்டார்கள்.

கண்ணைத் திறந்தால், காருக்குள் ஒரு கழுதை. முழுக் கழுதையல்ல, தலையும் கழுத்தும். புத்தளத்துக் கழுதைகளுக்குச் சந்தி, சந்தை, பஸ் தரிப்பு எல்லாம் சொந்தம். கார் மட்டும் எப்படி விலக்காகும்? அது என் பணிஸை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? கண்ணாடியை இறக்குவான். நான் ஏற்றினேன்.

கழுத்தில் கண்ணாடி முட்டியதும் கழுதை தலையை ஒரே உதறாக உதறிக்கொண்டு வெளியேறியது. 'பொல்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கண்ணாடி முழுவதும் சின்னச் சின்ன மணிகளாகி இருக்கையில் கொட்டியது. உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி உப்பளம். கழுதைக்குக் கீறல்கூட இல்லை. பாதை ஓரத்தில் நின்று மிச்ச பணிஸை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

கனமூலைக்குத் திரும்பினேன். நிஸ்தார் மச்சான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கண்ணாடி எங்க?"

"சீட்ல இருக்கு மச்சான்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சீட்ல தேத்தண்ணி சிந்தின டிரைவர, ஹாஜியார் அண்டைக்கே வீட்ட அனுப்பினவர்" என்றார் மெதுவாக. "நாளைக்குப் பின்னேரம் அஸருக்கு முதல் இதில ஒரு கண்ணாடி நிக்கல்ல எண்டா எனக்கு வேலை இல்ல. வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு உங்கட வாப்பா பொண்ணு தருவாரா?"

எனக்கு வாப்பாவைத் தெரியும். தரமாட்டார். ராத்தாவையும் தெரியும். ஒரு மாதமாக அவள் நிஸ்தார் என்ற பெயரைச் சொல்ல நேரும்போதெல்லாம் முகத்தை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

கொழும்பில் நான்கைந்து கடைகளுக்குக் கோல் எடுத்தோம். ஒருவர் சிரித்தார். ஒருவர், "அந்தக் கார் இலங்கையில ஈக்கா? ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்று கெஞ்சினார். கண்ணாடி மட்டும் யாரிடமும் இல்லை.

"நான் செஞ்சு போடுறன்" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் இரவே கோல் எடுத்துச் சொன்னபடி, சனிக்கிழமை காலையிலேயே அன்ரன் ஒரு பெரிய பிளாஸ்டிக் தகட்டோடு தில்லையடியில் வந்து இறங்கினான். கண்ணாடி போலவே தெளிந்த தகடு.

"இது வள்ளத்துக்கு முன்னால போடுறதடா. டொல்பின் பாக்கப் போறவங்கட மூஞ்சியில தண்ணி அடிக்காம இருக்க. ஆனா தட்டையாத்தான் இருக்கு. உன்ர காருக்கு வளைவு வேணுமே?"

வளைவுக்கு என்னிடம் விடை இருந்தது. முதல்நாளே காரின் வலப்பக்கக் கண்ணாடியைக் காட்போட்டில் அளவெடுத்து வைத்திருந்தேன். இடம் வலம் மாறும் என்பதை யோசித்து, திருப்பிப் போட்டு வெட்டினேன். (அந்த வாரம் முழுக்க என் மூளை வேலை செய்த ஒரே தருணம் அது.) ஒரு கூரைத் தகரத்தைத் தட்டி, அந்த வளைவுக்கே கொண்டுவந்தோம். இனி, தகட்டைத் தகரத்தின் மேல் வைத்துச் சூடாக்கினால் இளகி அப்படியே படியும். சூட்டுக்கு எங்கே போவது? எங்கள் ஒழுங்கை முனையில் ஹனீபா நானாவின் பேக்கரி இருந்தது.

"பாண் போடுற போறணையில கண்ணாடி சுடுறதா?" என்றார் ஹனீபா நானா. "உங்கட வாப்பாக்குத் தெரியுமா?"

"ராத்தாட கல்யாணம் நானா."

"அதுக்குக் கேக்கும் கேட்டீங்க, வட்டிலாப்பமும் கேட்டீங்க. இது என்ன புதுசா?" முணுமுணுத்துக்கொண்டே காலைப் பாண் எடுத்த போறணையைத் திறந்துவிட்டார். தகடு ஒட்டாமலிருக்கத் தகரத்தில் மாவும் தூவிக் கொடுத்தார். தொழில் பக்தி.

அது பாணைப் போலவே வெந்தது. நாங்கள் மூவரும் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஓரங்கள் தளர்ந்தன. பிறகு முழுத் தகடும், தூக்கம் வந்த குழந்தை தோளில் சாய்வதுபோல, தகரத்தில் சாய்ந்தது. வெளியே எடுத்து ஆறவைத்தோம். வளைவு அச்சு அசல். ஆனால் சூடு எல்லா இடமும் ஒரேமாதிரி படாததால் தகட்டுக்குள் மெல்லிய நெளிவுகள் விழுந்திருந்தன. அதனூடாக ஹனீபா நானாவைப் பார்த்தேன். அவர் கடலுக்கடியில் நின்று அசைந்துகொண்டிருந்தார். தகட்டிலிருந்து பாண் வாசம் அடித்தது.

"வாசம் போயிரும்" என்றேன். (போகவில்லை.)

கனமூலையில் நிஸ்தார் மச்சானின் முற்றத்தில் வைத்துக் கதவின் உட்பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே கம்பிகளும் வயர்களும். கதவின் உள்பிடியும் வெளிப்பிடியும் ஒரு சின்ன இரும்புக் கொளுவியில் சேர்ந்துதான் பூட்டோடு இணைகின்றன. அது கைக்கு இடைஞ்சலாக இருந்தது. கழற்றி, முகம் துடைக்கும் என் லேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன், பத்திரமாக. தகட்டைப் பொருத்தினேன். அன்ரன் சுவிச்சை அழுத்தினான்.

கண்ணாடி எழும்பியது. சொல்லத் தெரியவில்லை எனக்கு. களப்பில் பொழுது விடிவதுபோல, சத்தமில்லாமல், ஒரு தடையுமில்லாமல் மேலே வந்து நின்றது. அதற்குள்ளால் தென்னை மரங்கள் நெளிந்தன. கிணறு நெளிந்தது. நிஸ்தார் மச்சானின் கவலை படிந்த முகம் நெளிந்து, முதன்முறையாகச் சிரிப்பதுபோல் தெரிந்தது. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பிறகு பலகையைத் திருப்பிப் பூட்டி, ஓரங்களுக்குப் பசை வைத்தேன்.

"சாத்தித் துறந்து பாத்தியா?" என்றான் அன்ரன்.

"பசை காயோணும்டா. மாப்பிள்ளை ஏறும்வரைக்கும் கதவு துறந்தே நிக்கட்டும்."

"ஒருக்காச் சாத்தித் துறந்து பாரன்."

"உனக்கு வள்ளம் தெரியும். எனக்குக் கார் தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் குளித்து, புது ஜிப்பா போட்டு, லேஞ்சியையும் மறக்காமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கொரு முக்கியமான கடமை இருந்தது. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை வந்திறங்கும்போது பெண்ணின் தம்பி அவருக்குக் கால் கழுவிவிட வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். செம்பில் பன்னீர் கலந்த தண்ணீரும் தாம்பாளமுமாக வாசலில் நின்றேன். பின்னால் வாப்பா, அவருக்குப் பின்னால் ஊர்.

கார் வந்தது. ஓட்டி வந்தவர் ஹாஜியார். நேரே கனமூலைக்குப் போய், "நானே ஓட்டுறன்" என்று ஏறிவிட்டாராம். வழியில் கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "கனமூலையில பேக்கரி நிறைய ஈக்குதோ?" என்று மட்டும் கேட்டாராம்.

ஹாஜியார் இறங்கிச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவின் பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து நிஸ்தார் மச்சான் தள்ளினார். கதவு அசையவில்லை. நெளிவுக் கண்ணாடிக்குள் அவர் வாய் திறந்து திறந்து மூடியது. தொட்டிக்குள் மாட்டின மீனேதான்.

"மற்றப் பக்கத்தால வரச் சொல்லுங்க" என்றார் யாரோ.

நடுவில் கியர் மேடு மதில்போல நின்றது. நீண்ட மாப்பிள்ளை நீண்ட ஷெர்வானியோடு அதைத் தாண்ட இரண்டு தரம் முயன்றார். ஷெர்வானி ஒரு தரம் கிழிந்தது. முயற்சியைக் கைவிட்டார்.

பிறகு கண்ணாடி இறங்கியது. எவ்வளவு அழகாக இறங்கியது தெரியுமா? அந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலால் ஒரு வெறுங்கால் வெளியே வந்தது.

"வலது கால்!" என்று சத்தமிட்டார் வாப்பா. "வலது கால முதல் வைக்கோணும்!"

இடது கால் ஆமைத் தலைபோல உள்ளே போனது. உள்ளே ஏதோ புரண்டது. ஹோர்ன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. வலது கால் வந்தது.

நான் கழுவினேன். வேறென்ன செய்ய? ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த காலில் பன்னீர் ஊற்றினேன். அதன் பெருவிரல் நடுங்கியது. காரை அழித்தவனின் ராத்தாவைத்தான் கட்டப்போகிறோம் என்று தெரிந்தும் நம்பி வந்த கால் அது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் துடைக்க லேஞ்சியை எடுத்து உதறினேன்.

'டிங்.'

தாம்பாளத்தில், பன்னீருக்கு நடுவில், அந்தக் கொளுவி.

ஹாஜியார் குனிந்து எடுத்தார். "இது என்னது?"

"கதவு, ஹாஜியார்" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கழுதையிலிருந்து. வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். "பிழை முழுக்க நான்தான் ஹாஜியார். மச்சான்ட வேலையில கை வைக்காதீங்க" என்றேன். ஜன்னலில் கால் அசையாமல் காத்திருந்தது.

ஹாஜியார் சுவிச்சை அழுத்தச் சொன்னார். மச்சான் காலை உள்ளே இழுத்தார். கண்ணாடி ஏறியது. ஹாஜியார் ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியினூடாக எங்களைப் பார்த்தார். பந்தல் விளக்குகள், கூட்டம், செம்போடு நான், ஜன்னல் சீலைக்குப் பின்னால் ராத்தாவின் ஒரு கண், எல்லாம் அதற்குள் மெல்ல அசைந்திருக்க வேண்டும். கனநேரம் பார்த்தார்.

வெளியே வந்து சொன்னார்: "இந்தக் கார வாங்கின நாள்ல இருந்து ஊரெல்லாம் இதப் பாக்குது எண்டு பாத்தன். இதுக்குள்ள இருந்து வெளிய பாத்ததில்ல." பிறகு வாப்பாவிடம், "மாப்பிள்ளைய எடுங்க. வேலை அவருக்கு ஈக்கி. இந்தப் புள்ளைக்கு மட்டும் திறப்புக் குடுக்காதீங்க" என்றார்.

நான்கு பேர் சேர்ந்து மாப்பிள்ளையை ஜன்னலால் உருவி எடுத்தார்கள். அவர் இறங்கியதும் முதல் வேலையாக எனக்கு மோதிரம் போட்டார்.

வெளிநாட்டிலிருந்து அசல் கண்ணாடி வர மாதக்கணக்கானது. வந்ததும் ஹாஜியார் என் கண்ணாடியைச் சீலையில் சுற்றித் திருப்பி அனுப்பினார். ராத்தா அதைத் தன் குசினி ஜன்னலில் வைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் இன்னமும் பாண் மணக்கும். அவர்களுடைய வீட்டுச் சாலைச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் காரும் செம்பும் நானும் ஒரு காலும் இருக்கின்றன. மாப்பிள்ளை எங்கே என்று கேட்பவர்களுக்கு ராத்தாவின் மகன் ஓடிவந்து காலைத் தொட்டுக் காட்டுவான்.

வீட்டில் நான் எதைச் செய்தாலும் கேட்பது ஒரே கேள்விதான். பரீட்சை எழுதி வந்தாலும், வேலை கிடைத்தது என்றாலும், எனக்கொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோதும், உம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சாத்தித் துறந்து பாத்தியா?" என்றுதான் கேட்டார்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வாகனம் தன் பொறுப்பு என்று நிஸ்தார் மச்சான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஷெர்வானியோடு வெளியே வந்து பார்த்தேன். வாசலில், மல்லிகையும் ரிபனும் சுற்றி, அன்ரன் ஓட்ட, ஒரு த்ரீவீல் நின்றது.

"ஏறுங்க ரிஸ்மி" என்றார் மச்சான். "இதுக்குக் கதவே இல்ல."