தேங்காய் எண்ணெய் போட்ட ஜன்னல்

வாடகை வீட்டில் திறக்காத ஜன்னல் ஒன்று இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் நிம்மதியாக வாழ்கிறார்கள். இந்த ஞானம் எனக்கு வந்தபோது ஜன்னலின் பாதி என் கையில் இருந்தது. மூன்றாவது மாடியில்.

இரண்டாயிரமாவது வருஷம். அப்பாவுக்குப் புனேவுக்கு மாற்றலாகி, நாகர்கோவிலிலிருந்து ஏரவாடாவில் ஒரு பழைய கட்டடத்துக்குக் குடிவந்திருந்தோம். இளையவள் நான் இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது, வீட்டிலுள்ள மிக்சியையும் டேப் ரெக்கார்டரையும் கழற்றிக்கொண்டிருந்தேன்.) அக்கா ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க புனேவை அடுத்த தேஹு ரோட்டில் வெகுநாளாய் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகும் வழியில் வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பையன் பிராங்க்ளினின் போட்டோவை அக்கா பைபிளுக்குள் வைத்திருந்தாள். அந்த வாரம் அவள் பைபிள் வாசிப்பு திடீரென்று கூடியிருந்தது.

சனிக்கிழமை மதியம் அம்மா மீன் பொரித்தாள். ஹாலில் இருந்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் பல வருஷமாக இறுகிக் கிடந்தது.

"நாளைக்கு அவ்வோ வரும்போ வீடு பூரா மீன் நாத்தம் அடிக்குமே!" என்று அம்மா புலம்பினாள்.

நான் ஸ்குரூ டிரைவரோடு எழுந்தேன்.

"ஏட்டி, உன் கால்ல விழுதேன். இன்னைக்கு ஒருநாள் எதையும் தொடாத," என்றாள் அக்கா.

தொட்டேன். ஜன்னல் ஓடும் தடத்தில் மண் கெட்டித்துப் போயிருந்தது. சுரண்டி, அப்பாவின் டூத் பிரஷ்ஷால் தேய்த்து (அது புது பிரஷ் என்பது பிறகு தெரிந்தது), வராத மண்ணை ஊறவைக்கத் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். எங்கள் வீட்டில் கதவு கிரீச்சிட்டாலும் தலை வலித்தாலும் அதுதான் மருந்து. ஜன்னல் வெண்ணெய் போல ஓடியது. ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி அம்மாவுக்கு ஷோ காட்டினேன். நாற்றம் போகட்டும் என்று அகலத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தோம்.

அது டிசம்பர். புனேவில் எங்கள் முதல் குளிர்காலம்.

காலையில் தலைக்கு வைக்க எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று கல்லாக உறைந்திருந்தது. ஊரில் எண்ணெயை இப்படி நான் பார்த்ததே இல்லை. ஆச்சரியமாக உற்றுப் பார்த்தேன். அப்புறம்தான் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஹாலுக்கு ஓடினேன்.

தடம் முழுக்க மண்ணும் எண்ணெயும் சேர்ந்து சிமெண்ட் பூசியதுபோல் இருந்தது. இழுத்தேன். தொங்கினேன். சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். ஜன்னல் அசையவில்லை, காலிங் பெல்தான் அடித்தது.

பிராங்க்ளினோடு உள்ளே வந்த அவர் அம்மா நேராகப் போய் ஜன்னலுக்குக் கீழே இருந்த சோபாவில் உட்கார்ந்தார். திரைச்சீலை பறந்துவந்து அவர் தலையில் முக்காடு போட்டது.

"அரே பாப்ரே, என்னா தண்டி, இப்படியா குளிரும்! அந்தக் கிட்கிய மூடுங்களேன்."

"காத்தோட்டமா இருக்கட்டும்னுதான் ஆன்ட்டி..." என்று சமாளித்தேன்.

"காத்தோட்டமா? என் ஷாலே ஓடிடும் போலிருக்கே! எனக்கு இழுப்பு வேற இருக்கு பேட்டா." இருமத் தொடங்கினார்.

அந்த ஒவ்வொரு இருமலிலும் மூன்றாவது இடமும் தட்டிப்போகிற சத்தம் எனக்குக் கேட்டது. அடுக்களை வாசலில் அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

டீக்கு வைத்திருந்த கொதிநீரைத் தூக்கிவந்து தடத்தில் ஊற்றினேன். எண்ணெய் உருகியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கடக்! தடத்தை விட்டே வெளியே வந்து, முழுக் கண்ணாடிக் கதவும் என் மார்பில் சாய்ந்தது. உள்ளே விட்டால் ஆன்ட்டியின் தலை. வெளியே விட்டால் கீழே ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தவரின் தலை.

பிராங்க்ளின் பாய்ந்து மறுபுறத்தைப் பிடித்தார். "விடாதீங்க!"

"கை வழுக்குது!" என்று அலறினேன்.

அக்கா பலகாரத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். "தள்ளுட்டி அங்கே!" என்று இடுப்பால் என்னை இடித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஒரு பக்கம் பட்டுப்புடவை, மறுபக்கம் வெள்ளைச் சட்டை, நடுவில் நான் துடைக்காமல் விட்ட கண்ணாடி.

"மேல தூக்குங்க... ஹாங், அப்படித்தான்," என்றார் பிராங்க்ளின்.

"மேல நான் பாத்துக்கிடுதேன். நீங்க அடிப்பக்கம் பாருங்க."

டக்கென்று பொருந்தியது. தள்ளினார்கள். மூடிக்கொண்டது. இருவர் உடையிலும் குறுக்கே கறுப்பாக ஒரே மாதிரி எண்ணெய்க் கோடு. ஹாலில் யாரும் மூச்சு விடவில்லை. (நான் அன்று முழுவதுமே விட்டதாக நினைவில்லை.)

ஆன்ட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிராங்க்ளின் சட்டையைத் துடைக்காமல் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குச் சம்மதம்," என்றார் ஆன்ட்டி. பிறகு என்னைக் காட்டினார். "ஆனா கல்யாணம் முடியற வரைக்கும் இந்தச் சின்னது எதையும் தொடக்கூடாது."

கல்யாணம் முடிந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தத் தடை நீங்கவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உட்காருவதற்கு முன் ஆன்ட்டி என்னைத் தேடுவார். "பேட்டா, இங்க நீ ஏதாவது ரிப்பேர் பண்ணியா?" மொத்தக் குடும்பமும் சிரிக்கும். நான் சொந்தமாக பிளாட் வாங்கிப் புதுமனை ஜெபம் வைத்தபோதும் வாசலிலேயே நின்று கேட்டார். எல்லாம் புதுசு, நான் ஓர் ஆணியைக்கூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன்.

கிளம்பும்வரை அவர் ஷாலைக் கழற்றவில்லை.