மூன்று முறை கழுவிய ரீல்

கைப்பிடி கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. ஒகோலா இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துப் பார்த்தான். தூண்டில் ரீலுக்குள்ளிருந்து மணலை மெல்லுவது போல ஒரு சத்தம் வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

"மூடாதே, எனக்குக் கேட்டாச்சு" என்றார் கேப்டன் அத்மான், படகிலிருந்து இறங்கிக்கொண்டே. "நேத்து இதைக் கழுவினியா இல்லையா?"

"கழுவினேன் கேப்டன். ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை கழுவின ரீல் இப்படிக் கறகறன்னு அழாது. உள்ள உப்பு நிக்குது. போ, மூணாவது தடவை கழுவு."

ஒகோலா கடலோர வட்டாமு துறைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பிறந்து வளர்ந்ததெல்லாம் விக்டோரியா ஏரிக்கரையில். அங்கே ரீலைக் கழுவும் வழக்கமே கிடையாது. சட்டை நுனியால் துடைத்து ஆணியில் மாட்டினால் அன்றைய வேலை முடிந்தது. தூண்டில் போட வரும் பணக்காரர்களை ஏற்றிப்போகும் படகு ஒன்றில் ரீல்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, "எட்டு வருஷ அனுபவம்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டான். அனுபவம் உண்மைதான். உப்புதான் புதுசு.

ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் கேப்டன். அவ்வளவு பொறுமை ஒகோலாவுக்கு ஏது? வேலை நிரந்தரமாகிவிட்டதென்று ஏரிக்கரையில் கிசுமுவில் இருந்த மனைவி அகேயோவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். அவளும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சட்டிபானையோடு வந்து இறங்கப்போகிறாள்.

போதாக்குறைக்கு, துறையிலிருந்த ஒரே குழாயும் அவன் வந்த வாரம் பார்த்து வறண்டுவிட்டது. கேப்டன் கழுதை வண்டிக்காரர் சாரோவிடம் சொல்லி, தினம் மூன்று கேன் தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

ஒகோலா மூன்றாவது தடவையும் கழுவினான். மறுநாள் காலையில் ரீல் கால் சுற்றுகூடச் சுற்றவில்லை.

வெறுமனே கழுவினால் உப்பு போகாது, ஊறவைத்தால்தான் இளகும் என்று அவனுக்குத் தோன்றியது. படகின் ஆறு ரீல்களையும் ஒரு தொட்டியில் போட்டு, பயறு ஊறப்போடுவது போல ஒரு பகல் முழுக்க ஊறவைத்தான். எடுத்தபோது திருகாணிகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. முன்பு அழுதது ஒரு ரீல். இப்போது நாலு.

படகின் பழைய ஆளான லாலி பலகைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதுக்காரன். ஊரில் யாரையும் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை.

"ஏரிக்காரா, உன் கை பட்டாலே இரும்புக்குக் காய்ச்சல் வந்துடுதே, என்ன மாயம்?"

"எல்லாம் சரியாயிடும் அண்ணே."

"சரியாகலன்னா சொல்லு. என் மச்சான் ஒருத்தன் சும்மாத்தான் இருக்கான். ரீல் கழுவுறதுல கெட்டிக்காரன்."

ஒகோலாவுக்குப் பொறி தட்டியது. ஓகோ, சங்கதி இதுதானா! நான் கழுவி வைத்துவிட்டுப் போனதும் இவன் அந்த ரீல்களைக் கடலில் முக்கி எடுத்து வைக்கிறான். அன்றைக்கே பெரிய பூட்டாக ஒன்று வாங்கி, ரீல்கள் வைக்கும் கொட்டகையில் போட்டான். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

பூட்டிய கொட்டகைக்குள் ஆறு ரீல்களையும் பிரித்தான். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து அலசினான். அப்புறம் கிரீஸை அப்பு அப்பென்று அப்பி மூடினான். சுற்றிப் பார்த்தால் நாலு ரீல் வெண்ணெயாக வழுக்கின. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமை பகல் வரை நீடித்தது. அன்று நைரோபியிலிருந்து ஒரு பல் டாக்டர் மீன் பிடிக்க வந்திருந்தார். ஆள் நீளத்துக்கு ஒரு மயில்மீன் தூண்டிலில் மாட்டி, முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு ஓடியது. மீன் இழுக்க இழுக்க தூண்டில் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டிய ரீல் பிரேக் அப்படியே இறுகிப்போனது. நரம்பு படாரென்று அறுந்தது. டாக்டர் மல்லாந்து சமோசா கூடையில் விழுந்தார்.

"எத்தனையோ பல்லைப் பிடுங்கியிருக்கேன்" என்றார் எழுந்து உட்கார்ந்து, சட்டையைத் தட்டிக்கொண்டே. "இன்னிக்குத்தான் என்னையே பிடுங்கிப் போட்டிருக்காங்க."

கரைக்கு வந்ததும் கேப்டன் ஒகோலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை தூண்டில் போட்டி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆறும் சுத்தணும். சுத்தலன்னா நீ கிளம்பிடு."

"தண்ணி கொஞ்சம் கூட வேணும் கேப்டன். மூணு கேன் பத்தல."

"பத்து கேன் வாங்கிக்கோ! தண்ணியா பெரிசு? ரீலைக் கழுவுடான்னுதானே நானும் முதல் நாள்லேருந்து கத்திட்டிருக்கேன்!"

வெள்ளிக்கிழமை சாரோவின் கழுதை மூன்று நடை நடந்தது. மூன்றாவது நடைக்கு அது வழியிலேயே நின்று யோசிக்க ஆரம்பித்துவிட்டதாம்.

"பள்ளிவாசலுக்குக்கூட நான் இவ்வளவு தண்ணி ஊத்தினதில்ல தம்பி" என்றார் சாரோ, கேன்களை இறக்கிக்கொண்டே.

ஒகோலா காலையிலிருந்து பிரித்தான், அலசினான், ஊற்றினான், திரும்பவும் ஊற்றினான். சாயங்காலம் கேப்டன் வந்து ரீல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார். முதல் நாலும் அசையவில்லை. ஐந்தாவதின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஆறாவதை அவர் எடுக்கவேயில்லை.

ஒகோலா சட்டென்று லாலி பக்கம் திரும்பினான். "நீங்கதான்! உங்க மச்சானுக்காக நீங்கதான் இதையெல்லாம் கடல்ல முக்கி வைக்கிறீங்க!"

"பூட்டினவன் நீ. சாவி உன் கழுத்துல தொங்குது" என்றான் லாலி. "சாவித் துவாரம் வழியாப் போக நான் என்ன கொசுவா?"

ஒகோலா கழுத்துச் சாவியைத் தடவிப் பார்த்தான்.

"இதோ பாரு" என்றார் கேப்டன். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஒகோலாவை இன்னும் கலக்கியது. "நீ நல்லவன், உழைப்பாளி. ஆனா உனக்குக் கழுவத் தெரியல. முப்பது வருஷமா கடல்ல இருக்கேன், கழுவக் கழுவக் கெட்டுப்போற ரீலை இப்பத்தான் பாக்குறேன். ஏரிக்கே போயிடு."

காலி செய்த வீட்டில் இந்நேரம் வேறு யாராவது குடிவந்திருப்பார்கள். அகேயோவிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. துறைச் சரிவில் ஒரு வாடகை மோட்டார் சைக்கிள் தடதடத்து வந்து நின்றது. பின்னால் சுருட்டிய மெத்தை, இரண்டு சட்டி, ஒரு மூட்டை ஏரிக் கருவாடு, இத்தனைக்கும் நடுவில் அகேயோ.

"ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றபடி இறங்கினாள். பிறகு கேப்டனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக, "நீங்கதான் கேப்டனா? இவருக்கு வேலையை நிரந்தரம் பண்ணிட்டீங்களாமே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

கேப்டன் ஒகோலாவைப் பார்த்தார். ஒகோலா தரையைப் பார்த்தான்.

"ஒரு நாள் முழுக்க பஸ்சுல வந்தது, நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றாள் அகேயோ. "முதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்க, அப்புறம் பேசலாம்."

செய்ய ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்று ஒகோலா ஓடினான். சாரோ இறக்கி வைத்திருந்த கேனிலிருந்து குவளை நிறையச் சாய்த்துக்கொண்டு வந்து நீட்டினான். அகேயோ குவளையை வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

வண்டியடியில் கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சாரோ பதறிப்போய் எழுந்தார்.

"ஐயோ தங்கச்சி, குடிச்சிடாதே, கீழ கொட்டு! அது கடலோரக் கிணத்து உப்புத் தண்ணி! கழுவுறதுக்குத் தண்ணி போடுன்னுதானே கேப்டன் சொன்னாரு, அதுக்குப் போய் எவனாவது நல்ல தண்ணியைக் கொண்டாந்து ஊத்துவானா?"