பூனை வர ஒரு கையெழுத்து

பூனை வேண்டாம் என்று மனைவியிடம் நேருக்கு நேர் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எதைத்தான் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறார்! ஆனால் மனுஷர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அவர் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு மெஷின் ஓடாது. அந்த மூளை இப்போது கைகொடுத்தது.

“உன் தங்கச்சி வீட்டுக் குட்டி ரெண்டும் தாராளமா வரட்டும்மா. ஆனா வீடு அதுங்களுக்குப் பத்திரமா இருக்கணுமில்ல? நான் சோதனை பண்ணி எழுதித் தரேன். எல்லாம் சரியானாத்தான் கையெழுத்து.”

“உங்க இஷ்டங்க.”

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் கையுமாகக் கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். மூடாத வாஷிங் மெஷின், வலையில்லாத ஜன்னல், தையல் நூல், விஷமான லில்லிச் செடி. உற்சாகத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதித் தள்ளினார். இருபத்தேழு ஆபத்து! ஆறு மாசத்துக்குக் கவலையில்லை என்று காலை நீட்டிப் படுத்தார்.

அவள் ஆறே நாளில் முடித்துவிட்டாள். ஜன்னலுக்கெல்லாம் வலை. லில்லி எதிர்வீட்டுக்குப் போனது. அவருடைய ஆடும் நாற்காலியும் கூடவே போனது.

“ஐயோ, அது என்ன பாவம் பண்ணிச்சு?”

“பதினாலாவது வரி. ‘ஆடும் நாற்காலி, வால் நசுங்கும்.’ நீங்க எழுதினதுதான்.”

அவர் பட்டியலை வாங்கிப் பதினாலாவது வரியைத் தேடினார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “பொண்ணு வெளியூர் வேலைக்குப் போனதிலேருந்து வீடு வெறிச்சுன்னு கிடக்குங்க. நீங்களும் காலையிலயே கிளம்பிடறீங்க. நான் யார்கிட்டப் பேசறது, ஃபிரிட்ஜ்கிட்டயா?”

அவருக்குச் சுருக்கென்றது. பாவம், இதை ஒரு நாளாவது யோசித்தாரா? உடனே கையெழுத்தைப் போட்டார்.

“ஒண்ணு விட்டுப் போச்சுங்க. பால்கனிக் கதவைத் திறந்து போடறது யாரு?”

“நான்தான்.”

“மாத்திரையைக் கீழே சிந்தறது?”

“நான்தான்.”

“குனிஞ்சு பார்க்காம நடந்து தினம் என் காலை மிதிக்கிறது?”

“அதுவும்... நான்தான்.”

“சரி பண்ணவே முடியாத ஆபத்தை உங்க தொழிற்சாலையில என்ன செய்வீங்க?”

தொழில் கேள்வி! மனுஷர் நெஞ்சை நிமிர்த்தினார். “தனி அறையில ஒதுக்கிக் கதவைச் சாத்திடுவோம்!”

மறுநாள் பூனைகள் வந்தன. பெட்டியும் பழைய பேப்பரும் அடைத்த சாமான் அறையில் அவர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது.

“அங்க போகக் கூடாது கண்ணுங்களா. உள்ள அப்பா இருக்கார்.”