மதகுக்குப் போட்ட பூட்டு

மழை பெய்தால் ஏரி நிரம்பும், வெயில் அடித்தால் வற்றும் என்பது செஞ்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சர்க்காருக்கு மட்டும் அது அதிகாரபூர்வமாகத் தெரியவில்லை. யுத்தம் முடிந்தும் அரிசி ரேஷனிலேயே கிடைத்துவந்த ஒரு வருஷத்தில், இந்தக் குறையை நிவர்த்தி செய்ய நீர்ச் சுழற்சி ஸ்பெஷல் ஆபீசர் உத்திராபதி வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் தானிய மண்டி சொக்கலிங்கம் செட்டியாரின் மாடி, ஆபீசாயிற்று.

ராஜகிரி மலைக்குப் பின்னால் இருந்த ஏரியை உத்திராபதி தேர்ந்தெடுத்தார். அதில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்று அளப்பதுதான் ஆராய்ச்சி. வயலுக்குப் பாயும் தண்ணீர் கணக்கைக் கெடுத்ததால், பொதுநலத்தை உத்தேசித்து மதகை அடைத்துப் பூட்டினார்.

அந்த மதகை நம்பி நெல் நட்டிருந்தவர் அடைக்கலராஜ். கதிர் பால் பிடிக்கிற சமயம். மாடியேறிப் போய்க் கும்பிட்டு, ஒரு பொழுதுக்காவது மதகைத் திறந்துவிடும்படி கெஞ்சினார். உத்திராபதி கோபிக்கவில்லை. உட்காரவைத்து அன்போடு விளக்கினார். தண்ணீர் வீணாகாது, ஆவியாகி, மேகமாகி, மழையாகத் திரும்பிவிடும்.

"எங்க வயலுக்கே திரும்புங்களா?"

"அப்படி உறுதி சொல்ல முடியாது. பூமியில் எங்கேயாவது பெய்யும். மொத்தத்தில் நஷ்டமில்லை."

மொத்தத்தில் நஷ்டமில்லாமல் பயிர் காயத் தொடங்கியது. ஜனங்கள் குடத்தில் மொண்டு போய் ஊற்ற ஆரம்பித்ததால், ஏரிக்கு ஒரு காவலாள் தேவைப்பட்டான். உத்திராபதி இரக்கமுள்ளவர். நிலம் காய்ந்தவனுக்கே வேலை என்று, அடைக்கலராஜுக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்.

முதல் நாள் அந்தச் சட்டையைப் போட அடைக்கலராஜுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கடைத்தெருவில் நடந்தபோது ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்காத செட்டியார், "வாங்க, இன்னிக்கு ஆவி ஜாஸ்தியா?" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார். வெயில் என்ற சொல்லை ஊரில் யாரும் இப்போது உபயோகிப்பதில்லை. அந்த வாரமே அடைக்கலராஜ் சட்டைக்கு இஸ்திரி போடப் பழகிவிட்டார்.

ஒரு நடுப்பகலில் அவர் மனைவி லூர்துமேரி குடத்தோடு ஏரியில் இறங்கினாள். நாலு பாத்தியாவது பிழைக்கட்டும் என்று நினைத்தாள். பின்னாலிருந்து விசில் கேட்டது.

"நான்தான்யா. நம்ம பயிருக்குத்தான்."

"பயிரு நம்மது. தண்ணி ஆராய்ச்சியோடது. கொடத்தக் கவுத்துட்டுப் போ."

அவள் குடத்தை ஏரியிலேயே கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு கரையேறினாள். அன்று ராத்திரி அவள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவரும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். காலையில் சட்டையை மாட்டியதும் சரியாகிவிட்டது.

பயிர் கருகியது. பிறகு ஏரியும் வற்றியது. வெயிலில் ஏரி வற்றும் என்று ஐயந்திரிபற நிரூபணமானதால், உத்திராபதி தம் கையாலேயே மதகைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து ஓர் ஓணான் வந்தது.

ஆபீசை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் பதறியது. மாடி காலியாகுமே என்று செட்டியாருக்குக் கவலை. வியாபாரம் படுக்குமே என்று காபிக் கடைக்காரருக்குக் கவலை. எல்லோரும் திரண்டு போய், ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று உத்திராபதியிடம் மன்றாடினார்கள். தமக்கும் ஆசைதான், ஆனால் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று அவர் கையை விரித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடைக்கலராஜ் முன்னே வந்தார்.

"கெழக்கால ஒரு ஏரி இருக்குதுங்க. தண்ணி கரை தட்டி நிக்குது, மதகும் நல்ல மதகு. என் பொண்ணக் கட்டிக்குடுத்த ஊருதான். வாங்க, நானே வழி காட்டுறேன்."