உபயம்: பூபதி

வள்ளல்புரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் நன்றி மறவாதவர்கள், மறந்தால் அபராதம். மழை பெய்தால் மன்னருக்கு நன்றி. பெய்யாவிட்டால், குடைச் செலவை மிச்சப்படுத்திய மன்னருக்கு நன்றி.

அங்கே செங்கமலம் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தாள். கரண்டி, ஜல்லடை, ஜோடுதவலை எல்லாம் இருந்தாலும் அவளுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பித்தளை அண்டாதான். ஊருக்கே ஒரே தரமாக வடித்துக் கொட்டலாம். அதைப் பெரிய வணிகர் பூபதி மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போனார். கல்யாணம் முடிந்தது. வாடகையும் வரவில்லை, அண்டாவும் வரவில்லை. அவள் கேட்கப் போன அன்று காலையில்தான் பூபதி தான் திவாலென்று மஞ்சக் கடுதாசி கொடுத்திருந்தார்.

வள்ளல்புரியில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவருக்கு அரசே மஞ்சள் சால்வை போர்த்தும். அவரிடம் கடனைக் கேட்டால் மனம் புண்படும் என்பதால் கேட்பது குற்றம். அவர் தெருவில் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

"ஒன்னுமில்லைன்னு சொல்றவர் எதுக்குப்பா பல்லக்குல வர்றார்?" என்று செங்கமலம் பக்கத்து வெற்றிலைக் கடை மாசானத்திடம் கேட்டாள்.

"பல்லக்கு மச்சினன் பேர்ல இருக்குக்கா. தூக்குறவன்தான் இவர் ஆளு. அவனுக்கும் கூலி பாக்கி."

கடன் கேட்பதுதானே குற்றம், வழக்குப் போடுவதல்லவே என்று செங்கமலம் கீழ்மன்றம் போனாள். அங்கிருந்த நீதிபதி, ஓய்வு நெருங்கிவிட்ட தைரியத்தில், இது மோசடி என்று எழுதிவிட்டார். பூபதி மேல்முறையீடு செய்தார். உடனே அரசாணை வந்தது: மேல்முறையீடு முடியும்வரை மோசடிக்காரரைப் 'பரிசீலனையிலுள்ள உத்தமர்' என்றே அழைக்க வேண்டும். பிறகு இன்னொன்று: உத்தமர் பசியோடு மன்றம் ஏறக் கூடாது, கடன் கொடுத்தவர்களே அவருக்குப் படியளக்க வேண்டும். செங்கமலம் மாதாமாதம் மரக்கால் அரிசி அளந்தாள். ரசீதில் 'நன்றி' என்று அவளையே எழுதச் சொன்னார்கள். அதுவும் போதாதென்று, மேல்மன்றத்தில் பேச வருகிறவர் அங்கே கண்ணில் படும் பொருள்களைத் தந்த வள்ளல்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறிய பிறகே வாய் திறக்கலாம் என்றும் ஓர் ஆணை.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. அண்டா வராவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். பெருமாளே என்று மேல்மன்றம் ஏறினாள்.

பூபதியின் வக்கீல் முதலில் முழங்கினார். "மாண்புமிகு மன்றமே! போர்த்திய சால்வை தவிர என் கட்சிக்காரரிடம் ஒரு துரும்பும் இல்லை. அந்தச் சால்வையும் அரசு கொடுத்தது."

"உருக்கம், உருக்கம்" என்றார் தலைமை நீதிபதி. "அம்மணி, உமது நன்றியைத் தொடங்கலாம்."

வெயிலில் நடந்து வந்தவளுக்கு மண்டபத்துக் காற்று உண்மையிலேயே சுகமாக இருந்தது. அதனால் மனசாரவே ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

"இந்த விசிறியைக் கொடுத்த மகராசனுக்கு நன்றிங்க. எழுதியிருக்கே... உபயம், பூபதி. கடிகாரத்துக்கும் நன்றிங்க. உபயம், பூபதி. ஐயாமார் உட்கார்ந்திருக்கிற நாற்காலி... அடடே, அதுவும் அவர்தான். எல்லாம் இந்த வருஷத் தேதி. சால்வை போர்த்தின பிறகும் என்ன மனசு பாருங்க!" வாசல் பக்கம் திரும்பினாள். "தாகத்துக்குத் தண்ணி வச்சிருக்கிற இந்த அண்டாவுக்கும்..."

கிட்டே போய்க் குனிந்தாள். பூபதியின் பெயருக்குக் கீழே, அரத்தால் ராவியும் போகாத 'கமலம்' மிச்சமிருந்தது.

"இதுக்கும் நன்றிங்க. இது என் அண்டா."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "மாண்புமிகு மன்றமே, அது வேறு பூபதி. அதே பெயரில் இன்னொரு வள்ளல்..."

"எவன்யா இன்னொரு பூபதி?" சால்வை நழுவ எழுந்தார் பூபதி. "அத்தனையும் தேக்கு! நின்னு பார்த்து இழைக்க வச்சேன். எவனோ பேர் தட்டிட்டுப் போறதுக்கா கொடுத்தேன்?"

"ஐயா, உட்காருங்க..."

"நீ சும்மா இருய்யா. உன் அங்கியும் என் உபயம்தான்!"

வேறு வழியில்லாமல் மோசடி உறுதியானது. உபயங்கள் எல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கே என்ற தீர்ப்பை நீதிபதிகள் நின்றுகொண்டு வாசித்தார்கள். செங்கமலம் அண்டாவை மாசானத்தின் வண்டியில் ஏற்றி, பிள்ளையை அணைத்த மாதிரி அதை அணைத்துக்கொண்டே வீடு வந்தாள். அன்று அவள் சாமிக்குச் சொன்ன நன்றிக்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை.

உபயங்களைத் திரட்டப் போன சேவகர்கள் அரண்மனைக்குள்ளும் போனார்கள். சிம்மாசனத்தைச் சாய்த்து அடியைப் பார்த்தார்கள். பார்த்ததும் மெதுவாக நிமிர்த்தி, தூசி தட்டி, கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் பறை அறைந்தார்கள்: "வள்ளல்களின் தன்னடக்கத்தைக் காக்கும்பொருட்டு, இனி உபயப் பெயர்கள் பொருளின் அடியில் மட்டுமே பொறிக்கப்படும். அடியைப் பார்ப்பது ராஜத்துரோகம்." மக்கள் நன்றி கூறினார்கள்.

முதல் முகூர்த்தம் முடிந்து, செங்கமலம் அண்டாவைத் தெருவில் குப்புறப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈட்டியோடு ஒரு சேவகன் வந்தான்.

"அக்கா, அடியைப் பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு."

"பார்க்காம எப்படித் தம்பி கரி தேய்க்கிறது? வேணும்னா நீ கண்ணை மூடிக்க. அப்படியே ஒரு கை பிடி."

பிடித்தான். தேய்க்கத் தேய்க்கக் கரி போய், புதிதாக வெட்டிய அவள் பெயர் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவன், தன் ஈட்டியின் அடிமுனையைத் தடவினான்.

"ரொம்ப நாளா இங்க என்னமோ உள்ளங்கையை உறுத்துதுக்கா."

"திருப்பிப் பாரேன்."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பினான். முகம் வெளுத்தது.

"யார் பேரு தம்பி?"

அவன் சொல்வதற்குள் தெருமுனையில் பல்லக்குச் சத்தம். மேல்மன்றத்துக்கும் மேலே ஒரு மன்றம் இருந்ததாம். அங்கே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டதாம். உள்ளே மஞ்சள் சால்வை பளபளத்தது. தெருவே எழுந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் விறைத்து நின்றவன் சேவகன்தான்.

"எழுந்திருங்கக்கா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"கை வேலையா இருக்கேன் தம்பி. முடிச்சிட்டு நன்றி சொல்றேன்" என்ற செங்கமலம், புளியை இன்னொரு உருண்டை எடுத்து, அண்டாவின் அடியை அழுத்தித் தேய்த்தாள்.