வரப்பில் உட்கார்ந்த வழிகாட்டி

புதுச் சட்டம் வந்த நாளிலிருந்து தக்காளிக்காரருக்கு விடியற்காலையே பிடிக்காமல் போயிற்று.

நன்றாக விளைவிக்கிற விவசாயி, தடுமாறுகிற இன்னொரு விவசாயியின் வயலுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றது சட்டம். சொல்லத்தான் வேண்டும், மண்வெட்டியைத் தொடக் கூடாது. முதல் வழிகாட்டியாக அவர் மனைவியையே பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவளும் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுவாள்.

முன்பெல்லாம் இருவரும் வரப்பில் உட்கார்ந்து ஒரே மூடியில் டீ குடிப்பார்கள். அவள் திட்டுவாள், அவர் கேட்காத மாதிரி கேட்பார். இப்போது காது ரெண்டும் வேலையில்லாமல் கிடந்தன. பிளாஸ்கையாவது விட்டுவிட்டுப் போ என்று கேட்கலாம், ரோஷம் விடவில்லை.

யோசித்தார். நாலு பாத்திக்குத் தண்ணீரை நிறுத்தினார். செடி தலை தொங்கியதும் வேளாண் அலுவலகத்துக்கு ஓடினார்.

"விவசாயமே மறந்துபோச்சு சார். வழிகாட்டி வேணும்."

"உங்க வீட்லயே இருக்காங்களே?"

"வீட்ல கேட்டா மரியாதை இருக்காது சார். சட்டப்படி அனுப்புங்க."

மறுநாளே அவள் வந்தாள், பிளாஸ்கோடு. வரப்பில் உட்கார்ந்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் உட்காரப் போனார்.

"கத்துக்கிறவர் நிக்கணும். வடிகால் எங்க?"

"அது... அப்புறமா வெட்டலாம்னு..."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன். அப்ப பொண்டாட்டி சொன்னா. இப்ப சட்டம் சொல்லுது. எடுங்க மண்வெட்டிய."

"தண்ணியில்லாமதானே வாடுது? வடிகால் எதுக்குடி?"

"அட, தண்ணியில்லைன்னு தெரியுமா? விவசாயமே மறந்துபோச்சுன்னு ஆபீஸ்ல சொன்னீங்களாமே!"

மண்வெட்டியை எடுத்தார். ஒரு வாரம் வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திட்டு. முதுகு ஒடிந்தது, காது குளிர்ந்தது.

கடைசி நாள் அவள் நகர்ந்து இடம் விட்டாள். மூடியில் டீ ஊற்றி நீட்டினாள்.

"என் நெனப்பு வந்துதா?"

"வாடுனது செடி."

"செடி மட்டுமா?"

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மூடியை அவளிடம் நீட்டினார். இதற்காக இன்னும் நாலு வடிகால் வெட்டலாம் என்று தோன்றியது.

"நல்லா வெட்டிட்டீங்க. தேறிட்டீங்க. தேறினவர் அடுத்தவருக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளரிக்காரர் தவிக்கிறார். உங்க பேரக் குடுத்துட்டேன். நாளையிலேர்ந்து விடியற்காலையே கிளம்பணும்."

"அப்ப நீ?"

"என் முறை இன்னையோட முடிஞ்சுது. இனிமே வீட்லதான்" என்று எழுந்தாள். "இந்தாங்க, பிளாஸ்க நீங்களே வெச்சுக்குங்க."