இன்ஹெரிட் அக்காவின் பலாமரம்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் அத்தனையிலும், ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஆட்டிவைத்தவர் எங்கள் இன்ஹெரிட் அக்காதான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொண்ணூறுகளில் அக்கா கொஞ்ச காலம் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் சமையலுக்குப் போனார். அங்கே துரைசாணி ஒரு பழைய அலுமாரியைத் தடவி, "இது நான் இன்ஹெரிட் பண்ணினது, யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றாராம். போதாதா? யாராலும் பிடுங்க முடியாத பொருளுக்கு அதுதான் பெயர் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார்.

மறுவாரமே முத்தையா அண்ணனின் நாய் அக்கா வாசலில் படுத்திருந்தது.

"இன்ஹெரிட் பண்ணிட்டேன்" என்றார்.

தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சரான என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, செத்தவங்க விட்டுட்டுப் போறதுக்குத்தான் அப்படிச் சொல்லணும். முத்தையா அண்ணன் உசிரோட நாயைத் தேடிக்கிட்டுத் திரியிறாரு!"

"அவரு சாகுற வரைக்கும் நாய்க்கு யாரு டீச்சர் சோறு போடுறது?"

பிறகு புதுத் துரை ஒருவர் வந்தார். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை வெட்டி, லொறிக்குப் பாதை போடச் சொன்னார். அது அக்காவின் மாமியார் நட்ட மரம். மழை விடாமல் பெய்து ரப்பர் பால்வெட்டு நின்று கூலியும் இல்லாமல் போகும் நாட்களில், முழு லயத்துக்கும் அந்தப் பலாக்காய்தான் சோறு.

வெட்ட வந்தவர்கள் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள் இருவர். அக்கா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"துரை, இது நான் இன்ஹெரிட் பண்ணது!"

"மண்ணு தோட்டத்துது. லயத்து ஆளுங்க எதையும் இன்ஹெரிட் பண்ண முடியாது" என்றார் துரை.

எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. அக்கா துரையை விட்டுவிட்டு, வெட்ட வந்தவர்களிடம் திரும்பினார்.

"புத்தே, மேக்க அபே அம்மா ஹிட்டவபு கஹ." மகனே, இது எங்கள் அம்மா நட்ட மரம்.

மூத்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அம்மா நட்ட பலாவில் கைவைக்கமாட்டோம் என்று துரையிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இளையவரும் பின்னாலேயே போய்விட்டார். லொறிப் பாதை கடைசியில் லயத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனது. அன்று எங்கள் லயத்தில் ஒருவர்கூடக் குனிந்து நடக்கவில்லை.

அந்தப் பருவத்தின் முதல் பழம் பழுத்ததும் அக்கா அறுத்துப் பங்கு போட்டார். துரைக்கும் ஒரு பங்கு போனது. என் மடியில் விழுந்ததுதான் பெரிய பங்கு.

"நான் வெளியூர்க்காரி அக்கா, எனக்கு எதுக்கு இவ்வளவு?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு தங்கச்சி."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் யாராவது கேட்டால், ருவான்வெல்லையில் ஓர் அக்கா இருக்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.